கேம்பர்வேனில் கொடைக்கானல் மலையும் கம்பம் திராட்சைத் தோட்டமும்

கேள்வி இதுதான்: பெங்களூரில் கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மாவோடு ஐந்து நாள் கொடைக்கானல், கம்பம் பக்கம் சுற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவில் மார்கரெட் ரிவர் என்ற கடலோர ஒயின் வட்டாரத்தில் ஒரு குடும்பம் இப்படி வேனிலேயே சமைத்து, தூங்கி, திராட்சைத் தோட்டம் தோட்டமாக நின்று போன வீடியோவைப் பார்த்ததிலிருந்து ஆசை. நமக்குக் கடலுக்குப் பதில் மலை. நடக்குமா?

நடக்கும். திட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். வேனில் தூங்கும் ராத்திரிகளையெல்லாம் அடிவாரத்துக்கு மாற்றிவிடுங்கள். மலைமேல் ஒரு ராத்திரி அறை எடுத்துத் தங்குங்கள், வேன் காம்பவுண்டுக்குள் நிற்கட்டும். மலை ரோட்டில் வேனை ஏற்றி இறக்குவது ஒரு காரியம், மலைமேல் வேனில் குடித்தனம் பண்ணுவது வேறு காரியம். முதலாவது நிதானமாக ஓட்டுகிற யாருக்கும் முடியும். இரண்டாவதற்கு இந்த மலையில் எந்த ஏற்பாடும் கிடையாது.

அந்த வீடியோவில் கண்ணுக்குத் தெரியாமல் போன விஷயமும் இந்த ஏற்பாடுதான். மார்கரெட் ரிவர், பெர்த் நகரத்துக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டர். ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், உள்ளே யூகலிப்டஸ் காடு, இடையில் திராட்சை. 1960-களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி, அந்த மண்ணும் தட்பவெப்பமும் ஒயின் திராட்சைக்குப் பொருந்தும் என்று எழுதினார். 1967-இல் டாம் கல்லிட்டி என்ற இதய மருத்துவர் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தில் கொடி நட்டார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தோட்டங்கள், ருசி பார்க்கும் கூடங்கள், அப்புறம் வேனில் வருகிறவர்களுக்கான கேரவன் பார்க்குகள். அந்தப் பார்க்கில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று: கரண்ட் பிளக், தண்ணீர்க் குழாய், கழிவறைத் தொட்டியைக் காலி செய்ய ஓர் இடம். வேன் வாழ்க்கை ஓடுவது இந்த மூன்றை நம்பித்தான். அங்கேயும் நினைத்த இடத்தில் ஓரங்கட்டித் தூங்கினால் அபராதம் உண்டு.

நம் பக்கம் ரோடு இருக்கிறது, காட்சி இருக்கிறது, அந்த மூன்றும் இல்லை. கரண்டும் தண்ணீரும் யாரையாவது கேட்டு வாங்கிவிடலாம். மூன்றாவதுதான் சிக்கல். மலையில் ஒரு ஓடையைப் பார்த்ததும் 'இங்கே கொட்டிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்' என்று தோன்றும். பேரிஜம் ஏரித் தண்ணீர்தான் கீழே பெரியகுளத்துக்காரர்களின் குடிநீர். இந்த மலையின் எந்த ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே போனாலும் ஒரு ஊரின் குடமோ ஒரு வயலின் மடையோ வந்துவிடும். அதனால் வேனின் கழிவறையை ராத்திரி அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தங்கும் இடத்தில் கேட்டு செப்டிக் டேங்கில் கொட்டுங்கள். சோப்புத் தண்ணீருக்கும் இதே கதைதான்.

சரி, வண்டியைப் பார்ப்போம். வாடகைக்குத் தருகிறவரிடம் முதலில் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிரைவரோடு வரும் வாடகை வண்டி என்றால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. நீங்களே ஓட்டும் வாடகை என்றால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து. வெள்ளை பிளேட் என்றால் அது சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு விடுவதே சட்டப்படி தப்பு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். பழைய டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே கட்டிலும் அடுப்பும் அடித்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கர்நாடகப் பதிவு வண்டி தமிழ்நாட்டுக்குள் வருவதால் அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டின் நகலும் கையில் வேண்டும். லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வாடகை வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

மலை ஏற இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். அதனால் ஏப்ரல், மே மாதம் என்றால் தேதி முடிவானதும் முதல் வேலை இதுதான். வத்தலக்குண்டு தாண்டி காட்ரோடு என்ற பிரிவில் மலைப்பக்கம் திரும்பினதும் காமக்காபட்டி சோதனைச் சாவடியில் கேட்பார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் அங்கேயே பார்ப்பார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பாட்டிலுக்கு மலையில் தடை. பெரிய கேனில் பிடித்து, எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ரோடு என்பதில்தான் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்குப் போகவும் வரவும் வத்தலக்குண்டு ரோடுதான், அதாவது காட்ரோட்டிலிருந்து பெருமாள்மலை வழியாக ஏறும் பழைய மலைப்பாதை. அகலம் போதும், பஸ் ஓடுகிற ரோடு, வழியில் பஞ்சர் கடையும் டீக்கடையும் உண்டு. பழனியிலிருந்து ஏறும் ரோடு அழகு, ஆனால் குறுகல், வளைவு அதிகம். சின்னக் காருக்குச் சரி. நீங்கள் கொடைக்கானலில் இருந்துகொண்டு போனில் கம்பம் என்று போட்டால், பெரியகுளத்துக்கு அடுக்கம் வழியாக ஒரு குறுக்குப் பாதையைக் காட்டலாம். தூரம் குறைவு, நேரம் குறைவு என்று ஆசை காட்டும். வேனோடு அதில் இறங்கவே இறங்காதீர்கள். எதிரே ஒரு ஜீப் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டிய ரோடு அது, மழை பெய்தால் மண் சரிகிற இடங்களும் உண்டு. இன்னொன்று, பேரிஜம் வழியாக மூணாறுக்குப் போகும் பழைய ரோடு. வரைபடத்தில் கோடு இருக்கிறது, வாகனப் போக்குவரத்து கிடையாது. மேல்மலைப் பக்கம் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போய்க் கிளாவரையில் ரோடு முடிந்துவிடும். பூம்பாறையின் படிக்கட்டு வயலையும் பூண்டு காயப்போட்டிருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால், வேனை நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப் ஒன்று பேசிக்கொள்ளுங்கள். வேனை அங்கே கொண்டுபோனால் ஊருக்குள் திருப்ப இடம் தேடியே பொழுது போய்விடும்.

மலை ஏறும்போது வேன் உங்களை மிரட்டாது. இறங்கும்போதுதான் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லாரும் சொல்வது, 'எந்த கியரில் ஏறினியோ அதே கியரில் இறங்கு'. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர் டேங்க் எல்லாம் சேர்ந்து கேம்பர்வேன் எப்போதும் பாரம் ஏற்றின வண்டிதான். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் வெள்ளி அருவி தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கருகல் வாசனை வரும். வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். டேங்கில் 100 லிட்டர் நிரப்பினால் 100 கிலோ. பாதி நிரம்பிய டேங்க் இன்னும் மோசம், கொண்டை ஊசி வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாடி வண்டியையும் இழுக்கும். கிட்டத்தட்டக் காலி டேங்கோடு ஏறுங்கள், மேலே அறையில்தானே தங்கப் போகிறீர்கள். கூரை மேல் ஏ.சி. பெட்டி இருந்தால் வண்டியின் மொத்த உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், ரோட்டோர மரக்கிளைகள் தாழ்வாக இருக்கும். கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டரிலேயே மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், மேகம் இறங்கினால் லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள். ராத்திரியில் மலை ரோடே வேண்டாம்.

ஏன் மேலே வேனில் தூங்கக் கூடாது என்கிறேன்? ஊருக்கு வெளியே எங்கே நிறுத்தினாலும் ஒன்று வனத்துறை இடம், இல்லை யாருடைய பட்டாவோ. மேல்மலையின் பெரும்பகுதி 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. ஊருக்குள் நிறுத்தினாலும் ராத்திரி காட்டுமாடு நடமாட்டம் உண்டு. பகலில் ஏரிப் பக்கம் சாதுவாக மேய்வதைப் பார்த்து ஏமாற வேண்டாம், இருட்டில் வேன் கதவைத் திறந்து காலைக் கீழே வைக்கும்போது ரெண்டடி தூரத்தில் ஆயிரம் கிலோ எடையில் ஒன்று நின்றால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம் குளிர். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். மார்கழி, தை ராத்திரிகளில் தகர வண்டி குளிர்ப்பெட்டியாகிவிடும். உள்ளே ஐந்து பேர் மூச்சு விட்டால் விடியும்போது கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டும். வாடகை வேன்களில் ஏ.சி. இருக்கும், ஹீட்டர் பெரும்பாலும் இருக்காது. ஜன்னலை மூடிக்கொண்டு அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய நினைப்பது உயிருக்கு ஆபத்து.

பகலில் மேலே சமைப்பது பற்றி ஒரு வார்த்தை. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. குக்கர் கட்டாயம். இல்லையென்றால் வத்தலக்குண்டிலேயே புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், டம் டம் பாறைப் பக்கம் நிறுத்திச் சாப்பிடலாம், கதவை மட்டும் சாத்திவிட்டு. குரங்குகளுக்கு வேன் கதவு திறக்கும் சத்தம் நன்றாகத் தெரியும்.

இனி கீழே. கேம்பர்வேனுக்கு உண்மையான இடம் கம்பம் பள்ளத்தாக்குதான். காட்ரோட்டிலிருந்து தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று மலையை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே சமதளத்தில் போகும் ரோடு. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியதில் உயிர் வந்த மண் இது. 14,707 ஏக்கரில் இருபோக நெல். அணையைக் கட்டிய ஆங்கிலேய இன்ஜினியர் பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு அவர் படம் மாட்டியிருக்கும் ஊர்கள். பிள்ளைகளுக்கு அணைக் கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

திராட்சைத் தோட்டங்கள் காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் பக்கம் அதிகம். சுருளி அருவிக்குப் போகிற வழியிலேயே ரெண்டு பக்கமும் பார்க்கலாம். வீடியோவில் பார்த்தது மாதிரி இடுப்பளவு உயர வேலி வரிசைகளை எதிர்பார்க்காதீர்கள். இங்கே பந்தல். கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, அதில் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். குனிந்து உள்ளே போனால் வெளியே வெயில் கொளுத்தினாலும் தரையில் சல்லடை மாதிரி பொட்டுப் பொட்டாகத்தான் வெளிச்சம் விழும், தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகக் காய். பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் ரகம்: கருநீலம், விதை உண்டு, தோல் கொஞ்சம் தடிப்பு, கடித்தால் ரோஜா வாசனை. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. மார்கரெட் ரிவரில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரே ஒரு அறுவடை. கம்பத்துக் கொடிக்குக் குளிர்காலம் என்ற ஒன்றே தெரியாது. அதைத் தூங்கவிட்டு எழுப்புகிற வேலையைக் கவாத்துக் கத்தரிதான் செய்கிறது. கிளையை வெட்டிவிட்டால் புதுத் துளிர் வரும், துளிரோடு பூ வரும், ஏறத்தாழ நாலு மாதத்தில் பழம். ரெண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் தண்ணீரையும் கேரளச் சந்தை விலையையும் கணக்குப் போட்டு வெவ்வேறு மாதத்தில் கவாத்து அடிப்பதால், ஒரு தோட்டத்தில் பழம் தொங்கும்போது அடுத்த தோட்டம் மொட்டையாக நிற்கும். எந்த மாதம் போனாலும் எங்காவது பழம் உண்டு. பிள்ளைகளுக்கு மொட்டைக் கொடி, பூ, பச்சைக்காய், பழம் நான்கையும் ஒரே காலையில் காட்டிவிடலாம். ஆஸ்திரேலிய வேன்காரருக்கு இது கிடைக்காது.

உள்ளே போகும் முன் தோட்டக்காரரிடம் கேளுங்கள். 'அண்ணே, பிள்ளைகளுக்குக் காட்டணும், உள்ளே வரலாமா' என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வரும்போது ரெண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் மரியாதை. இரண்டு எச்சரிக்கை. பழத்தைத் தொடவிடாதீர்கள். மேலே வெள்ளைப் பூச்சு மாதிரி இருப்பது பழத்தின் இயற்கை மெழுகு. கை பட்ட இடத்தில் அது அழிந்து பளபளக்கும், வியாபாரி கண்ணுக்கு அது குறை. பறித்ததும் வாயில் போடவும் விடாதீர்கள். மழை ஈரத்தில் செவட்டை நோய் வரும் என்று மருந்து அடித்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசிச் சாப்பிடுங்கள்.

ஒயின் ருசி பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, மனதில் இருக்கும். கம்பத்துப் பழத்தில் பெரும்பங்கு சாப்பிடும் பழமாகத்தான் சந்தைக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் கையில். தோட்டத்தில் உட்கார்ந்து கோப்பையைச் சுழற்றும் கலாசாரம் இங்கே இல்லை. அது வேண்டும் என்றால் நீங்கள் கிளம்புகிற பெங்களூரிலேயே நந்தி மலை அடிவாரத்தில் ஒயின் தோட்டம் இருக்கிறது, சுற்றிக் காட்டி ருசியும் பார்க்கத் தருகிறார்கள். அதைத் தனியாக ஒரு நாள் டாக்சியில் போய் வாருங்கள், இந்தப் பயணத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். ஓட்டுநர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதச் சிறையோ இரண்டுமோ. வேன் நிற்பது பொது இடம் என்பதால் உள்ளே உட்கார்ந்துதானே குடிக்கிறேன் என்ற வாதமும் எடுபடாது.

ராத்திரி எங்கே நிறுத்துவது? கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபத்தின் பெரிய முற்றம் காலியாகக் கிடக்கும். காம்பவுண்டு, வாட்ச்மேன், பாத்ரூம், தண்ணீர், 16 ஆம்பியர் பிளக் எல்லாம் உண்டு. மேனேஜரிடம் பேசி ஒரு தொகை கொடுத்தால் நம் ஊர் கேரவன் பார்க் தயார். முகூர்த்த நாளா என்று மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விடிகாலை நாதஸ்வரத்தில்தான் எழுந்திருக்க வேண்டும். அடுத்தது, நெடுஞ்சாலையில் இருக்கும் பெரிய பெட்ரோல் பங்க், டீசல் அடித்துவிட்டு அனுமதி கேட்டு.

முதல் ராத்திரி திண்டுக்கல் அல்லது வத்தலக்குண்டு, இரண்டாவது கொடைக்கானல் அறை, மூன்றும் நான்கும் கம்பம். ஐந்தாம் நாள் முழுவதும் பெங்களூர் திரும்பவே சரியாக இருக்கும். ஆறு நாள் லீவு கிடைத்தால் கம்பத்தில் இன்னொரு நாள் கூட்டி, சுருளி, லோயர் கேம்ப் என்று அவசரமில்லாமல் போகலாம்.

மாதம் என்றால் தைப்பூசம் முடிந்து மார்ச் நடு வரைக்கும் ஏற்றது. கார்த்திகை, மார்கழியில் கம்பம், குமுளி ரோடு முழுக்கச் சபரிமலை வண்டிகள். கூட்டம் மிஞ்சினால் கம்பம்மெட்டு வழியாகப் போக, குமுளி வழியாக வர என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். (வேனில் சமைத்துச் சாப்பிட்டு ஊர் சுற்றுவதில் நமக்கு முன்னோடி ஐயப்ப சாமிமார்தான், மரத்தடியில் அவர்கள் அடுப்பு மூட்டும் வேகத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.) ஐப்பசி மழையில் மலை ரோட்டில் மண் சரியும். ஆடிக் காற்றில் இந்தப் பள்ளத்தாக்கில் வேன் பக்கவாட்டில் விரிக்கிற கூடாரத் துணி கிழிந்து பறந்துவிடும், அதற்கான காசை வேனை வாடகைக்குத் தந்தவருக்குக் கட்டி அழ வேண்டி வரும்.

அம்மாவை முன் சீட்டில் பெல்ட்டோடு உட்கார வையுங்கள். ஓடுகிற வேனில் கட்டிலில் படுக்கவிடாதீர்கள், பிள்ளைகளையும்தான். மலை ஏறும் காலையில் ரெண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பெருமாள்மலையில் இறங்கிக் கால் மணி நேரம் காற்று வாங்கினால் தலைசுற்றல் தணியும். மூச்சுத் தொந்தரவோ இதயத் தொந்தரவோ இருந்தால் கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரைப் பையை வேனின் பின் அலமாரியில் போடாமல் அவர் மடியிலேயே கொடுங்கள்.